ஆறரை இஞ்சு

திருப்பூரில் பனியன் கேட்லாக் எடுத்துக்கொண்டிருந்தவர்
கடையை மூடும்போது பாதி விலைக்குத் தந்தார்
இந்த வளைய ஃபிளாஷை.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரம்மா
இட்லிச் சட்டியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன். விளக்க ஆரம்பித்தால்
பள்ளிபாளையம் தாண்டிவிடும்.

வளையத்தின் நடு ஓட்டைக்குள் லென்ஸ் போகும்.
பார்வையைச் சுற்றியே வெளிச்சம் கிளம்புவதால்
எதிரே இருக்கும் முகத்தில் நிழல் நிற்காது,
மூக்குக்குக் கீழும், தாடைக்கு அடியிலும்.
இடம் கிடைக்காத நிழலெல்லாம்
பின்சுவருக்குப் போய்
தலையைச் சுற்றிக் கரிக்கோடு போட்டுக்கொள்ளும்.
பரு வந்த பிள்ளைகள் இதைக் கேட்டே வருவார்கள்.
எனக்கு அதில்தான் வாடகை.

ஆடி மழைக்கு ரிக் வண்டிகள் திரும்பியிருந்த வாரம்.
சங்ககிரி ரோடு நெடுக
கொம்பை மடக்கிப் படுத்திருந்தன லாரிகள்.
சென்னியப்பன் வந்தார்.
வயது முப்பத்தேழு. ஜாதகத்தோடு வைக்கப் படம்.
ஏற்கனவே கொடுத்ததைப் பார்த்து
மூன்று வீட்டில் பதில் வரவில்லையாம்.
"மூஞ்சியில குழி கொஞ்சம் இருக்குதுங்க,
அதை மட்டும் மூடிக் குடுங்க."

பதினெட்டு வருசம் துளை வாயில் நின்றவர்.
கம்ப்ரசர் காற்று மேலே துப்பிய கல்சில்லு
ராய்ச்சூரில் ஒன்று, பஸ்தரில் நாலு,
எந்த ஊர் என்று அவருக்கே தெரியாத ஒன்று
இடது கன்னத்தில்.

கேமராவை மாட்டும் முன் கொஞ்ச நேரம்
வெறும் வளையம் ஸ்டாண்டில் நின்றது.
எழுந்து வந்தார்.
விரலை விரித்து ஓட்டையை அளந்தார்.
"ஆறரை இஞ்சுங்க. நம்ம போர் சைஸு."
பிறகு குனிந்து அதற்குள் பார்த்தார்.
அந்தப் பக்கம் நான்
பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.
யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை,
ஆயிரத்து நூறடி இறங்கி
ஈரம் இருக்கிறதா என்று.

மூன்றடி தூரம். அப்பர்ச்சர் எட்டு.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஸ்டூல்.
சிரிக்கச் சொல்லவில்லை.
டப்.

திரையில் காட்டினேன்.
புதுசாய்ப் போட்ட தார் ரோடு போலக் கன்னம்.
ராய்ச்சூர் இல்லை. பஸ்தர் இல்லை.
வெகுநேரம் பார்த்துவிட்டு
"என்ர தம்பி மாதிரி இருக்குதுங்க" என்றார்.
தம்பிக்குக் கல்யாணம் ஆகி
ரெண்டு பிள்ளைகள் என்பதை
கொஞ்சம் கழித்துச் சொன்னார்.

விரலால் இழுத்துக் கண்ணைப் பெரிதாக்கினார்.
கருவிழியில் வெள்ளை வளையம்.
வளையத்துக்குள் கறுப்பு. அந்தக் கறுப்பில்
எள்ளளவு நான்.
"தண்ணி வந்துச்சானு பாக்க
கண்ணாடியில வெயிலைப் புடிச்சு
போருக்குள்ள அடிப்பமுங்க.
அடியில இப்பிடித்தான் ஒரு வட்டம் மினுங்கும்.
மினுங்குனா தோட்டத்துக்காரரு அழுவாரு.
மினுங்காட்டியும் அழுவாரு.
நாங்க அடிக்கணக்குக்குக் காசை வாங்கிட்டு
அடுத்த ஊருக்குப் போயிருவம்."

வளையத்தைக் கழற்றினேன்.
ஜன்னல் பக்கம் ஸ்டூலைத் திருப்பி
இன்னொன்று எடுக்கட்டுமா என்றேன்.
"குழியோடவா?"
குழியோடுதான்.
பக்கத்து ஷெட்டில் யாரோ
கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தார்கள்.
அது அடங்கும்வரை அவர் பேசவில்லை.
அடங்கிய பிறகும் பேசவில்லை,
முகத்தை மட்டும் வெளிச்சத்துக்குக் கொடுத்தார்.
ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன
அதனதன் நிழலோடு.

முதல் படம் எட்டு காப்பி வாங்கிப் போனார்.
இரண்டாவதற்குக் காசு தரவில்லை,
நானும் கேட்கவில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கும் முன்
அதன் கண்ணைப் பெரிதாக்கினேன்.
வட்டம் இல்லை.
ஜன்னல் கம்பி நாலு,
கம்பிக்கு நடுவில் கொஞ்சம் மலை.
மினுங்கியதா என்று கேட்டால்
திரையைத் துடைத்துவிட்டுத்தான்
சொல்ல வேண்டும்.